ஜனவரி 8: களியக்காவிளை வில்சனைப் பற்றி படிப்பகச் சார்ட்டில் என்ன எழுதலாம்?

படிப்பகத் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாதம் ஒரு பெரிய சார்ட் எழுதி வாசலில் ஒட்டுவது வழக்கம். ஜனவரிக்கு, நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கேரள எல்லையான களியக்காவிளையில் பணியில் கொல்லப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைப் பற்றி எழுதலாம் என்று கமிட்டியில் முடிவானது. எழுதிக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. இதுதான் நான் எழுதியது:

"2020 ஜனவரி 8, புதன்கிழமை இரவு. களியக்காவிளை மார்க்கெட் ரோடு சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன், வயது 57, துப்பாக்கியால் சுட்டும் கத்தியால் தாக்கியும் கொல்லப்பட்டார். ஜனவரி 14 அன்று கர்நாடகத்தின் உடுப்பியில் ரயில் நிலையத்தில் வைத்து இரண்டு பேர் பிடிபட்டார்கள். துப்பாக்கி எர்ணாகுளத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓடையிலிருந்தும், கத்தி திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்தும் மீட்கப்பட்டன. வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்கு (என்.ஐ.ஏ.) மாறியது. தமிழக அரசு குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் அறிவித்தது."

அப்பாவிடம் காட்டினேன். "கொன்னவன் ஓடின ஊரெல்லாம் வரிசையா இருக்கு. செத்தவரு எங்கடே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சரியான கேள்விதான். ஆனால் அவரைத் தனிப்பட்ட முறையில் அறிந்தவன் இல்லை நான். குடும்பத்தைப் போய்த் தொந்தரவு செய்யவும் மனம் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நின்று படிக்கிற மாதிரி என்ன எழுதலாம், சொல்லுங்கள்.

ரப்பர் தோட்டம்

நல்ல காரியம். அந்த நாளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு அகில இந்திய வேலைநிறுத்தம். இந்தப் பக்கம் ஓரளவு கடை திறந்திருந்தது, கேரளத்தில் ஏறக்குறைய எல்லாமே அடைப்பு. அந்தப் பக்கத்துப் பஸ்கள் வராமல் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டே பாதி காலி. இரவு ஒன்பதரை வாக்கில் போன் வரத் தொடங்கியது. அரிசி கடத்துகிறவன்தான் செய்திருப்பான், மணல்காரன்தான் செய்திருப்பான் என்று அன்றிரவு ஊரே ஆளுக்கொரு கதை சொன்னது. இரண்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. எல்லைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் இறந்தால் முதலில் நம் மனதுக்கு வருவது கடத்தல்தான்.

இஞ்சிவிளை

நான் எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலை. வீட்டில் தமிழ். பிள்ளைகளுக்குப் படிப்பு மலையாளத்தில். எங்களுக்கு இந்த எல்லை என்பது மீன் வாங்கப் போகும்போது தாண்டுகிற ஒன்று, அவ்வளவுதான். கடைக்காரர் இரண்டு பாஷையிலும் விலை சொல்வார். அப்படி ஒரு இடத்தில் துப்பாக்கிச் சத்தமா என்பதுதான் எங்கள் அதிர்ச்சி. குழித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், உயிர் இல்லை என்று செய்தி வந்தது. அதற்கப்புறம் நான்கைந்து நாளும் இரண்டு மாநிலப் போலீசும் எங்கள் பக்கத்து லாட்ஜ், கடை, கேமரா எல்லாவற்றையும் சலித்தார்கள்.

சார்ட்டில் இதையும் போடலாம்: தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று மூன்று மாநிலத்துப் போலீஸ் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் ஆளைப் பிடித்தது. போகிப் பண்டிகையன்று பிடித்தார்கள்.

கல்குளம் கண்ணாடி

கொன்றவர்கள் யார், எந்தக் கூட்டம், எதற்காகச் செய்தார்கள் என்று பச்சையாக எழுதாமல் என்ன நினைவஞ்சலி? பெயர் போட்டு எழுதுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? மூடி மறைத்துதானே

*(இதன் பிறகு வந்த வரிகளையும், அவற்றுக்கு வந்த சில பதில்களையும் நீக்கியிருக்கிறேன். ஒரு சமூகத்தையே குறிவைத்து எழுதினால் இழை பூட்டப்படும். - நெறியாளர்)*

தேங்காய்ப்பட்டணத்தான்

நீக்கியதை நான் முன்பே படித்துவிட்டேன். பரவாயில்லை.

அந்த ஜனவரியில் நான் அழகியமண்டபம் பக்கம் வாடகைக்கு இருந்தேன். பிடிபட்ட இரண்டு பேரும் நம் மாவட்டத்துக்காரர்கள், எங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். அதை ஏன் மறைக்க வேண்டும்? பேப்பரில் வந்ததுதான். ஆனால் வீட்டுக்காரர் வந்து ஆதார் நகல் கேட்டார். ஏற்கெனவே கொடுத்ததுதான், மறுபடியும் கேட்டார். நான் கோபப்படவில்லை, கொடுத்தேன். பக்கத்துக் கடையில் எப்போதும் என்னோடு அரசியல் பேசுகிறவர் அந்த வாரம் வானிலை பேசினார்.

நான் சொல்ல வருவது வேறு. ஜமாஅத்திலும் சரி, வீட்டிலும் சரி, நாங்கள் பேசியது அந்த மனுசனைப் பற்றி. ஓய்வு பெறுகிற வயதில் ராத்திரி சாவடியில் உட்கார்ந்திருந்த ஆள். என் மாமாவும் அரசு வேலையில் இருந்து அதே வயதில் இருந்தார், அதனாலேயே மனதில் நின்றது. கொன்றவன் பெயரைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பெயருக்கு விளம்பரம் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசையாகவும் இருந்திருக்கும்.

கல்குளம் கண்ணாடி

பாய், உங்களைச் சொல்லவில்லை. ஆனால் காரணம் இல்லாமல் எழுதினால் விபத்து மாதிரி ஆகிவிடும். அதைத்தான் சொன்னேன்.

வக்கீல் குமாஸ்தா

காரணத்தை எழுதலாம், ஒரே வரியில், நிதானமாக. தங்கள் கூட்டாளிகளைப் போலீஸ் பிடித்ததற்குப் பழிவாங்கச் செய்தது என்பது புலனாய்வு அமைப்பு சொன்ன காரணம். "என்.ஐ.ஏ. சொல்வதன்படி" என்று போட்டால் போதும். சார்ட்டுக்கு அதற்கு மேல் வேண்டாம், வழக்குக் கட்டு எழுதுவது நம் வேலை இல்லை.

அந்தக் காரணத்தை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வில்சன் என்ற ஆள்மேல் அவர்களுக்கு என்ன விரோதம்? ஒன்றும் இல்லை. வேறு ஊரில் வேறு போலீஸ் செய்த கைதுக்கு இங்கே காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர்மேல் பழி. அன்றைக்கு அந்த நாற்காலியில் யார் இருந்திருந்தாலும் அவருக்குத்தான் விழுந்திருக்கும். தம்பியின் அப்பா கேட்ட கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. ஆளைப் பற்றி அதிகம் தெரியாவிட்டால் நாற்காலியைப் பற்றி எழுதுங்கள்.

படிப்பகத் தம்பி

குமாஸ்தா அண்ணே, இது நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியைப் பற்றியும் எனக்கு என்ன தெரியும்? பைக்கில் போகும்போது கை காட்டி நிறுத்துவார்கள், ஹெல்மெட் இருக்கா என்று பார்ப்பார்கள். இங்கே போலீஸில் இருந்தவர்கள் யாராவது உண்டா?

பழைய ஏட்டு

உண்டு. படிப்பது மட்டும் செய்கிறவன், இன்று எழுதுகிறேன். ஸ்டேஷன் பெயர் கேட்காதீர்கள். எல்லைச் சாவடிகளில் பல வருடம் இருந்தவன், இப்போது ஓய்வில்.

முதலில் எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. சினிமாவில் வருகிற இளம் எஸ்.ஐ. இல்லை. அவர் நேரடியாகப் பரீட்சை எழுதி வந்தவர். எஸ்.எஸ்.ஐ. என்பவர், என் காலத்துக் கணக்கில், இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பத்து வருடத்தில் முதல்நிலை, அப்புறம் ஐந்து வருடத்தில் தலைமைக் காவலர், அதற்கு மேல் பத்து வருடம் கழித்து இந்தப் பட்டம். கூட்டிப் பாருங்கள், 25 வருடம். தோளில் நட்சத்திரம் ஏறும்போது தலை நரைத்திருக்கும், சர்க்கரை வந்திருக்கும், முட்டி பேச ஆரம்பித்திருக்கும். இளசுகளைக் குற்றப்பிரிவுக்கும் பந்தோபஸ்துக்கும் கோர்ட்டுக்கும் இழுத்துவிடுவார்கள். மிச்சம் இருக்கிற பெரிசுகளுக்கு செக்போஸ்ட். "உக்காந்து பாக்கிற வேலதானே" என்பார்கள்.

உட்கார்ந்து பார்க்கிற வேலையைச் சொல்கிறேன். ஒரு பக்கம் தடுப்பு, மேலே ஒரு பல்பு, ஒரு மேசை, ஒரு நோட்டு. வருகிற வண்டி நம்பர், நேரம், எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு. ஹெட்லைட் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும். வண்டிக்குள் இருப்பவனுக்கு உன்னைத் தெரியும், உனக்கு அவனைத் தெரியாது. இது பிள்ளைகள் யோசிக்க வேண்டியது. ராத்திரியில் சாவடியில் நிற்கிறவன் வெளிச்சத்தில் நிற்கிறான், வருகிறவன் எல்லாம் இருட்டிலிருந்து வருகிறான்.

பார்க்கப் பழக வேண்டும். "காலி வண்டி சார்" என்பான். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை நன்றாகப் படுத்திருக்கும். காலி வண்டிக்கு ஏன் பட்டை படுக்கிறது? தார்ப்பாயை விலக்கினால் மேலே வைக்கோல், கீழே ரேஷன் அரிசி. நம் ஊரில் சும்மா கொடுக்கிற அரிசி அந்தப் பக்கம் போனால் பாலீஷ் போட்டு வேறு பெயரில் திரும்பி வரும். அந்தப் பக்கத்திலிருந்து வருவது கோழிக் கழிவு, ஆஸ்பத்திரிக் கழிவு. அதற்குப் பட்டையைப் பார்க்க வேண்டியதில்லை, நூறு அடி தூரத்திலேயே மூக்கு சொல்லிவிடும். ஓட்டுகிறவன் ஊதுவத்தி கொளுத்தி வைத்திருப்பான், அதுவே காட்டிக்கொடுக்கும். அப்புறம் கல், எம்-சாண்ட் ஏற்றின பெரிய லாரிகள். பெர்மிட்டில் ஒரு எடை, வண்டியில் வேறு எடை. நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் யாரிடமிருந்தாவது போன் வரும். யார் என்று சொல்ல மாட்டேன்.

மெயின் ரோட்டில் இத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விவரமானவன் ஊடுவழியாகப் போய்விடுவான். களியக்காவிளையிலிருந்து கொல்லங்கோடு வரைக்கும் எல்லையில் எத்தனை இடவழி, எத்தனை ரப்பர் தோட்டத்து மண்பாதை! ஒரு வீட்டின் அடுக்களை தமிழ்நாட்டிலும் கிணறு கேரளாவிலும் இருக்கும். இதை ஒரு பல்பும் ஒரு நோட்டும் வைத்துக் காவல் காக்க வேண்டும்.

கையில் என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். என் காலத்தில் லத்தியும் டார்ச்சும். துப்பாக்கி எடுத்தால் குண்டுக்குக் கணக்கு, திருப்பிக் கொடுக்கும்வரை பயம். தொலைந்தால் வேலை போகும். அதனால் எடுக்காமல் போவதே பழக்கமாகிவிட்டது.

லஞ்சம் என்று அடுத்து ஒருவர் எழுதுவார். எழுதட்டும். இருந்தது, இருக்கிறது. அதே சாவடியில் வாங்காத ஆட்களையும் பார்த்திருக்கிறேன். வாங்காதவனுக்குத்தான் போன் அதிகம் வரும்.

ரப்பர் தோட்டம்

ஏட்டையா, இது ஒரு சார்ட்டுக்கு அடங்காது, தனிப் புத்தகம்.

ஆற்றங்கரையான்

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கும்போது ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதே 2020-ல்தான் சாத்தான்குளம். ஜூன் 19-ல் போலீஸ் பிடித்துப் போனது, 22-லும் 23-லும் காவலில் இருந்த பிள்ளையும் அப்பாவும் செத்தார்கள். ஊரடங்கில் நேரம் தாண்டியும் கடையைத் திறந்து வைத்தார்கள் என்று சொல்லி. ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற இரண்டு பெயரும் இல்லாமல் அந்த வருடத்துக் காவல்துறையைப் பற்றி எப்படி எழுதுவது? அப்புறம், நம் மண்ணுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11. அன்றைய திருவிதாங்கூர்-கொச்சியில், பட்டம் தாணுபிள்ளை ஆட்சியில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது. எங்கள் தாத்தா காலத்தில் நினைவு நாள் என்றால் அதுதான், போலீஸ் சுட்டு இறந்தவர்களுடைய நாள். அந்த ஊரில் போலீஸ்காரருக்குச் சார்ட் எழுதும்போது இதை மறந்துவிடக் கூடாது.

கல்குளம் கண்ணாடி

இழவு வீட்டில் பழைய கணக்கா?

ஆற்றங்கரையான்

இழவு வீட்டில் யாரும் பேசவில்லை. படிப்பகச் சார்ட்டைப் பற்றிப் பேசுகிறோம். பிள்ளைகளுக்குக் காக்கிச் சட்டை என்றாலே வீரம் என்று சொல்லிக்கொடுக்கப் போகிறோமா, இல்லையா? அதுதான் என் கேள்வி. வில்சன் மேல் எனக்கு மரியாதைதான்.

வக்கீல் குமாஸ்தா

1954-ஐ இழுத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அந்தப் போராட்டத்தின் முடிவில்தான் 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் இங்கே வந்தன, எல்லை களியக்காவிளையில் விழுந்தது. எல்லை விழுந்ததால் சாவடி. அந்தச் சாவடியில் 63 வருடம் கழித்து ஒருவர் பணியில் கொல்லப்படுகிறார். முதல் பத்தியிலேயே இதைச் சொல்லலாம், "இந்தச் சாவடி ஏன் இங்கே இருக்கிறது" என்று. குறை சொல்கிற தொனி வேண்டாம், வரலாறாகச் சொல்லலாம்.

சாத்தான்குளம் வேறு. அதை இதில் கலந்தால் இரண்டுக்குமே நியாயம் கிடைக்காது. ஒருவர் சாவை இன்னொரு சாவுக்கு எதிர்த்தட்டில் வைத்து நிறுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய ஏட்டு

ஆற்றங்கரைத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. சாத்தான்குளத்தில் நடந்ததற்கு என்னால் ஒரு சமாதானமும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அன்றிரவு நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியாகச் சொன்னவரும் அதே ஸ்டேஷன் பெண் தலைமைக் காவலர்தான். பக்கத்தில் அதே ஆட்கள் நின்றுகொண்டிருக்க, பயந்து பயந்து, ஆனாலும் சொன்னார். சாவடியில் விடிய விடிய இருப்பதற்கு வேண்டிய நெஞ்சழுத்தத்தைவிட அதற்கு அதிகம் வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் இலாகாவில் இரண்டு ரகமும் உண்டு. பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் புரியும்.

ஏலகிரி நிழல்

நான் ஆந்திர எல்லைப் பக்கம், திருப்பத்தூர். உங்கள் இழையைப் படித்தபோது எங்கள் ஊர் ஆகஸ்ட் 6 நினைவுக்கு வந்தது.

1980-ல் அந்த நாளில், நக்சலைட் ஒருவரைப் பிடித்துக் காரில் கொண்டு போகும்போது குண்டு வெடித்து ஆய்வாளர் பழனிச்சாமியும் உடன் சென்ற காவலர்களும் இறந்தார்கள். அப்போது இது வட ஆற்காடு மாவட்டம். எம்.ஜி.ஆர். முதல்வர். அதற்கப்புறம் போலீஸ் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் நடந்த நக்சல் வேட்டைக்கு, இறந்துபோன ஆய்வாளரின் சின்ன மகள் பெயரையே வைத்தார்கள். ஒவ்வொரு ஆகஸ்ட் 6-லும் இங்கே நினைவுத்தூணில் அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைப்பார்கள், துப்பாக்கிக் குண்டு முழங்கும்.

ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள், யார் அந்தப் பழனிச்சாமி என்று? குண்டுச் சத்தம் கேட்கும், ஏதோ போலீஸ் விழா என்பார்கள். அந்த வேட்டையில் அதற்குப் பிறகு எத்தனை இளைஞர்கள் செத்தார்கள் என்பதும் யாரும் பேசுவதில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதைத் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். தூண் மட்டும் நிற்கிறது. அதனால் தம்பி, சார்ட் எழுதுகிற யோசனை தூணைவிட மேல். பிள்ளைகள் கையால் எழுதுகிறார்கள் அல்லவா, எழுதுகிறபோதாவது படிப்பார்கள்.

காக்கி வீட்டுப் பெண்

இதுவரை ஆண்களாகவே பேசிவிட்டீர்கள்.

என் அப்பாவும் போலீஸ்தான். திருவிழா பந்தோபஸ்து இரண்டு நாள் தொடர்ந்து பார்த்துவிட்டு, விடிகாலை வீட்டுக்கு வருகிற வழியில் பைக் மரத்தில் மோதி இறந்தார். தூக்கம். வேறொன்றுமில்லை. குண்டு முழங்கவில்லை, மந்திரி வரவில்லை. அது பணி நேரமா, பணி முடிந்த நேரமா என்று ஒரு அலுவலகத்தில் ஆரம்பித்த கேள்வி இன்னொரு அலுவலகம் போய், மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே காகிதங்களை நகல் எடுத்துக் கொண்டு போனார். கருணை அடிப்படையில் தம்பிக்கு வேலை கிடைத்தபோது அவன் அந்த வேலைக்கான ஆசையையே விட்டிருந்தான்.

வில்சன் சார் குடும்பத்துக்கு அரசு உடனே 1 கோடி அறிவித்தது. நல்லது, கொடுக்கத்தான் வேண்டும். 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் ஆடு திருடர்களைத் துரத்திப் போய்க் கீரனூர் பக்கம் வெட்டிக் கொல்லப்பட்டபோதும் அறிவித்தார்கள். அதற்கு முன்னால் ஏரலில் எஸ்.ஐ. பாலு, குடித்துவிட்டு ஓட்டியவனின் வண்டியைப் பறிமுதல் செய்ததற்கு அதே ஆளால் வண்டி ஏற்றிக் கொல்லப்பட்டார். இவை எல்லாம் செய்தியானவை. தொகை ஒவ்வொரு முறையும் முதலமைச்சர் வாயிலிருந்து வருகிறது, அன்றைய செய்தியின் சூட்டைப் பொறுத்து. சூடு இல்லாத சாவுக்கு ஃபைல்தான்.

சார்ட்டில் இதை எழுதச் சொல்லவில்லை. நினைவு நாள் என்று ஒன்றைச் செய்யும்போது இந்தப் பக்கத்தையும் யாராவது பேச வேண்டும் என்று தோன்றியது.

தேங்காய்ப்பட்டணத்தான்

அக்கா, சார்ட்டில் எழுதத்தான் வேண்டும். ஒரு வரியாவது.

பழைய ஏட்டு

அம்மா, உங்கள் அப்பா மாதிரி நான்கு பேரை நானே தோள் கொடுத்துத் தூக்கியிருக்கிறேன். அதிகம் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். 1959-ல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் சீனப் படை சுட்டு மத்திய ரிசர்வ் போலீஸான சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். அப்போது அந்த எல்லையில் நின்றது ராணுவம் இல்லை, போலீஸ். அந்த நாளைத்தான் நாடு முழுக்க அனுசரிக்கிறோம். நாகர்கோவில் ஆயுதப்படை மைதானத்திலும் நடக்கும். முந்தின ஒரு வருடத்தில் நாடு முழுதும் பணியில் இறந்தவர்கள் பெயரைப் படிப்பார்கள். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்போம். வெயில் ஏறிக்கொண்டே இருக்கும், பெயர் முடியாது. முன்வரிசையில் நிற்கிற சின்னப் பையன்களுக்கு அந்த லிஸ்ட் எப்போது முடியும் என்றிருக்கும். நானும் அப்படி நின்றவன்தான். வயதாக ஆகத்தான் ஒவ்வொரு பெயரும் காதில் விழுகிறது.

டெல்லி சாணக்கியபுரியில் 2018-ல் தேசியக் காவலர் நினைவிடம் திறந்தார்கள். கருங்கல் தூண் 30 அடி, சுவரில் சுதந்திரத்துக்குப் பிறகு பணியில் இறந்தவர்கள் பெயர். திறந்தபோதே 34,844 பெயர். உங்கள் படிப்பகப் பிள்ளைகள் டூர் போனால் இந்தியா கேட்டோடு திரும்பாமல் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரப்பர் தோட்டம்

பூமிநாதன் விஷயத்தில் எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரே பைக்கில் எத்தனை கிலோமீட்டர் துரத்திப் போகிறார், கூட ஆள் இல்லை. பிடிபட்டதில் இரண்டு பேர் சிறுவர்கள். அதற்கப்புறம்தான் இரவு ரோந்துக்குப் போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துப் போங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் தயங்காதீர்கள் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு சொன்னார். அவர் நம்ம மாவட்டத்துக்காரர்தான். வில்சனுக்கு அப்புறமும் இதே பேச்சு வந்தது. ஒவ்வொரு முறையும் ஒருவர் செத்த பிறகுதானா?

வக்கீல் குமாஸ்தா

சட்டம் எப்போதும் தடுக்கவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை தற்காப்புரிமை இருக்கிறது. போலீசுக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. ஆனால் ஏட்டையா சொன்ன மாதிரி, குண்டுக் கணக்கு எழுதுகிற பயம் சட்டப்பிரிவைவிடப் பெரியது. துப்பாக்கி மட்டும் கொடுத்தாலும் போதாது என்பது என் கட்சி. கோர்ட்டில் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன், கூட ஒரு ஆள் இருந்திருந்தால் பாதி கேஸ் வந்திருக்காது. சாவடியில் இரவில் இரண்டு பேருக்குக் குறையக் கூடாது, நல்ல வெளிச்சம், கேமரா, பின்னால் சாய ஒரு சுவர். இதற்கு ஆகிற செலவு அறிவிக்கிற இழப்பீட்டைவிடக் குறைவு.

ஆற்றங்கரையான்

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் காவலர் கையிலும் துப்பாக்கி என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. இந்த மண்ணில் அது எங்கே போய் நிற்கும் என்று 1954-லேயே பார்த்தாயிற்று. இதில் நான் மாறப்போவதில்லை, ரப்பர் தோட்டமும் மாறப்போவதில்லை. அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

இஞ்சிவிளை

அடுத்த விஷயம் என்னுடையது. வில்சன் இறந்து மூன்று மாதம் முடிவதற்குள் கொரோனா. மார்ச் கடைசியில் எல்லையை அடைத்தார்கள். அதுவரை மீன் வாங்கத் தாண்டின ரோட்டில் தடுப்பு, இ-பாஸ், காய்ச்சல் பார்க்கிற கருவி, வெயிலில் வரிசை. என் சித்தப்பா மார்த்தாண்டத்தில் சாகக் கிடந்தபோது அந்தச் சாவடியில்தான் போய் நின்றேன். பாஸ் சரியில்லை. அங்கே இருந்தவர் வயதான எஸ்.எஸ்.ஐ., முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. "யாரு உங்களுக்கு?" என்று கேட்டார், சொன்னேன். ஓரமாக நிற்க வைத்துவிட்டு எங்கேயோ போன் போட்டார், அரை மணி நேரம் கழித்து விட்டார். திட்டவும் இல்லை, தடவிக் கொடுக்கவும் இல்லை. அவர் வில்சனோடு வேலை பார்த்தவராக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

அந்த நாற்காலி காலியாக இருக்கவே இல்லை. வேறு ஒருவர் வந்து உட்கார்ந்தார். அதைச் சார்ட்டில் போடுங்கள்.

படிப்பகத் தம்பி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து மாற்றி எழுதினேன். உடுப்பி, எர்ணாகுளம், தம்பானூர் எல்லாம் ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. இப்போது இப்படி:

"1956 நவம்பர் 1-ல் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது களியக்காவிளை எல்லையானது. அதற்காகப் போராடியவர்களில் சிலர் 1954-ல் போலீஸ் குண்டுக்குப் பலியானவர்கள். எல்லை வந்ததால் சோதனைச் சாவடி வந்தது. அங்கே இரவில் இருப்பவர் வெளிச்சத்தில் நிற்பார், வண்டிகள் இருட்டிலிருந்து வரும். வண்டிப் பட்டை படுத்திருக்கிறதா என்று பார்ப்பார், நோட்டில் நம்பர் எழுதுவார். பெரும்பாலும் 25 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவராக இருப்பார்.

2020 ஜனவரி 8 இரவு அந்தப் பணியில் இருந்தவர் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன், வயது 57. வேறு இடத்தில் நடந்த கைதுகளுக்குப் பழியாக அவர் கொல்லப்பட்டார் என்று என்.ஐ.ஏ. சொல்கிறது. அவர்மேல் யாருக்கும் தனிப்பட்ட விரோதம் இல்லை. மூன்று மாநிலப் போலீஸ் சேர்ந்து ஒரு வாரத்துக்குள் இரண்டு பேரைப் பிடித்தது. அந்த மார்ச்சில் கொரோனா வந்தபோது அதே எல்லையில் அவருடைய சக காவலர்கள் வெயிலில் நின்றார்கள்.

பணியில் இறக்கிற காவலர் எல்லோரும் குண்டுக்கு இறப்பதில்லை. தூக்கமின்மையாலும் விபத்தாலும் இறப்பவர்களுக்கும் அக்டோபர் 21 அன்று நம் படிப்பகத்தில் விளக்கேற்றுவோம்."

சாத்தான்குளத்தை இதில் சேர்க்கவில்லை. ஜூன் மாதச் சார்ட் அதற்கு என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன், ஒருவர் முறைத்தார், பாஸாகிவிட்டது. ஆற்றங்கரை அண்ணே, ஜூனுக்கு நீங்கள் எழுதித் தர வேண்டும்.

ஆற்றங்கரையான்

தருகிறேன். அந்தப் பெண் தலைமைக் காவலரையும் சேர்த்து எழுதுவேன், ஏட்டையா சொன்னதற்காக.

காக்கி வீட்டுப் பெண்

கடைசிப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அக்டோபருக்கு எண்ணெய் நாம குடுப்போம்" என்றார்.

கல்குளம் கண்ணாடி

காரணம் ஒரு வரி வந்துவிட்டது, எனக்குப் போதும். சார்ட், ஸ்கெட்ச் பேனா செலவு என்னுடையது. ஜி-பே நம்பரைத் தனியாக அனுப்புங்கள்.

ஏலகிரி நிழல்

ஒட்டியதும் போட்டோ போடுங்கள். எங்கள் ஊர் நூலகத்தில் ஆகஸ்டுக்கு இதே மாதிரி செய்யச் சொல்லிக் கேட்கப் போகிறேன். ஒத்துக்கொள்வார்களா பார்க்கலாம்.

படிப்பகத் தம்பி

ஏட்டையா, ஒரு விண்ணப்பம். 8-ஆம் தேதி சாயங்காலம் படிப்பகத்துக்கு வந்து, பட்டை படுப்பது, ஊதுவத்தி இதையெல்லாம் பிள்ளைகளிடம் நேரில் சொல்ல முடியுமா? மைக் வேண்டாம், சும்மா உட்கார்ந்து பேசினால் போதும்.

பழைய ஏட்டு

வருகிறேன். பொன்னாடை, மாலை, "காவல்துறையின் சிங்கம்" பேனர், இது எதுவும் இருந்தால் திரும்பிப் போய்விடுவேன். கேள்வி எதுவேண்டுமானாலும் கேட்கலாம், லஞ்சத்தைப் பற்றியும். ஏழு மணிக்கு மேல் இருக்க முடியாது, எதிர் வண்டி வெளிச்சத்தில் இப்போது கண் கூசுகிறது.

படிப்பகத் தம்பி

அஞ்சரைக்கு ஆரம்பித்துவிடுவோம் ஏட்டையா. வீட்டுக்கே ஆள் அனுப்புகிறேன், பைக் வேண்டாம், தேங்காய்ப்பட்டணத்து அண்ணன் கார் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.